பூட்டிய கோப்புகளும் கழற்றி வைக்காத வன்தட்டும்
வாசகர் கேள்வி – பதில்: மின்னிலக்கப் பக்கம்

கேள்வி: பள்ளி விடுமுறையில் என் மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய காணொளித் தொகுப்பு மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இலவசமாக இறக்கினான். மறுநாள் காலை மடிக்கணினியைத் திறந்தால், மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் முதல் நான் நடத்தும் துணைப்பாட வகுப்பின் பயிற்சித்தாள்கள் வரை எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. எல்லாக் கோப்புறைகளிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு கடிதம் இருக்கிறது: 980 அமெரிக்க டாலர் வேண்டுமாம், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையாம். காப்பு நகல் இருந்த வெளிப்புற வன்தட்டும் கணினியோடு இணைந்தே இருந்ததால் அதுவும் போய்விட்டது. பணத்தைக் கட்டிவிடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கட்ட வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் இப்படி ஒற்றைச் சொல்லில் முடித்தால், குடும்பப் படங்களை இழந்து நிற்கும் உங்களுக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

நீங்கள் எழுதியுள்ள தொகையும் பாதி விலைச் சலுகையும், ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியு’ எனப்படும் ரேன்சம்வேர் (கோப்புகளையோ சாதனத்தையோ பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்) குடும்பத்தின் அடையாளங்கள். பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, திருட்டு மென்பொருள் தேடி வரும் வீட்டுக் கணினிகளையே குறிவைக்கும் நச்சுநிரல் அது. இது உங்கள் கோப்புகளை அழிப்பதும் இல்லை, எங்கும் தூக்கிச் செல்வதும் இல்லை. இருந்த இடத்திலேயே பூட்டிவிடுகிறது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்பதே இதன் சூட்சுமம். பூட்டும் சாவி மட்டும் உங்கள் கணினிக்கு வருகிறது, திறக்கும் சாவி கும்பலிடமே தங்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு கெட்டிக்கார கணினிப் பழுதுபார்ப்பவரானாலும் உங்கள் கணினிக்குள் துழாவி அந்தச் சாவியைக் கண்டெடுக்க முடியாது. 1989இல் நெகிழ்வட்டுகளில் அஞ்சல்வழி அனுப்பப்பட்ட முதல் ரேன்சம்வேர், 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. அது கோப்புகளின் பெயர்களைத்தான் குழப்பியது. பூட்டிய சாவியே திறக்கும் சாவியாகவும் இருந்ததால் ஆய்வாளர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். இன்றைய கும்பல்கள் அந்தத் தவற்றை அநேகமாகச் செய்வதில்லை.

பணம் கட்டினால் சாவி வரும் என்பதற்கு, கேட்பவனின் நாணயத்தைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. ‘நாங்கள் திறந்து தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிலும் சிலர், உங்களுக்குத் தெரியாமல் அதே கும்பலுக்குப் பணம் கட்டிச் சாவி வாங்கி, தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிப்பவர்கள்தாம்.

உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. கணினியை வைஃபையிலிருந்து துண்டியுங்கள். வேறெந்த வன்தட்டையும் யுஎஸ்பியையும் அதில் செருகாதீர்கள். அந்தக் கடிதத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, இந்த வகை நச்சுநிரலோடு கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்தே வருவது வழக்கம் என்பதால், மின்னஞ்சல், வங்கி, சிங்பாஸ் (சிங்கப்பூரின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றிவிடுங்கள். பதற்றத்தில் பலரும் மறப்பது இதைத்தான்; படங்கள் போனதைவிடப் பெரிய இழப்பு இந்த வழியாக வரக்கூடும். காவல்துறையிடமும், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பில் இணையத் தாக்குதல் புகார்களைக் கவனிக்கும் சிங்செர்ட் பிரிவிடமும் புகார் கொடுங்கள். அந்த அமைப்பிடம் 2024இல் 159 ரேன்சம்வேர் சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டன. வீடுகளில் நடப்பவற்றில் பல, ‘பிள்ளை திருட்டு மென்பொருள் இறக்கினான்’ என்று சொல்லக் கூச்சப்படுவதாலேயே வெளியே வராமல் போகின்றன என்று நினைக்கிறேன். கூச்சப்பட வேண்டாம்.

பிறகு, வேறொரு கணினியிலிருந்து ‘நோ மோர் ரேன்சம்’ தளத்துக்குச் செல்லுங்கள். டச்சுக் காவல்துறை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் முதலியோர் 2016இல் தொடங்கிய அந்தத் தளத்தில் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் கடிதத்தையும் ஏற்றினால், இலவசமாகத் திறக்கும் கருவி இருக்கிறதா என்று அது சொல்லும். இந்த நச்சுநிரல் தன் வழங்கியை, அதாவது கும்பலின் மையக் கணினியை, தொடர்புகொள்ள முடியாமல்போகும்போது, தன்னுள் வைத்திருக்கும் பொதுவான சாவியையே பயன்படுத்தும். அப்படி நடந்திருந்தால் உங்கள் படங்கள் மீள வாய்ப்பு உண்டு. கருவி இல்லை என்று வந்தாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு தனி வன்தட்டில் எடுத்துவைத்த பிறகே கணினியைத் துடைத்து, விண்டோஸை முதலிலிருந்து நிறுவுங்கள். 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் என்ற இன்னொரு ரேன்சம்வேரின் கும்பல் கடையைக் கட்டியபோது, பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர் ஒருவர் கேட்டுப் பார்க்க, அவர்கள் தலைமைச் சாவியையே வெளியிட்டார்கள். அன்று வரை கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது.

மகனைத் திட்டுவதைவிட, அந்த வன்தட்டு ஏன் இரவு பகலாகச் செருகியே கிடந்தது என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வது பயன் தரும். கணினியின் கைக்கு எட்டும் எதுவும் நச்சுநிரலின் கைக்கும் எட்டும். வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதவே வேண்டியிருந்திருக்காது.

கேள்வி: வீட்டு இணையத்தோடு இணைத்த சேமிப்புப் பெட்டி ஒன்றில் எங்கள் நால்வரின் கணினி, கைபேசிக் கோப்புகளும் தாமாகவே சேமிக்கப்படுகின்றன. வெளியூரிலிருந்தும் பார்க்கும்படி அமைத்திருக்கிறேன். இதற்குமேல் காப்பு தேவையா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: தேவை. ‘வெளியூரிலிருந்தும் பார்க்கும்படி’ என்ற இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்களால் எட்ட முடிகிற பெட்டியை மற்றவர்களாலும் எட்ட முடியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனச் சேமிப்புப் பெட்டிகளுக்குள் நேரடியாகவே புகுந்து, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. யாரும் எந்த இணைப்பையும் தட்டவில்லை, எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் டச்சுக் காவல்துறை அந்தக் கும்பலையே ஏமாற்றியது: பணம் அனுப்பி, சாவி வந்தவுடன், பரிமாற்றம் உறுதியாவதற்குள் அதைத் திரும்பப் பெற்று, 155 சாவிகளைக் கறந்துவிட்டது. கேட்க இனிப்பான கதைதான். ஆனாலும் அதை நம்பி நாம் கதவைத் திறந்துவைக்க முடியாது.

வெளியூர் அணுகலை அடைத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் விபிஎன் எனப்படும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் வையுங்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ‘அட்மின்’ என்ற பொதுவான கணக்கை முடக்கி, கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ வசதியை இயக்குங்கள். அதோடு ஒரு வன்தட்டில் நகலெடுத்து, கழற்றி, முடிந்தால் உறவினர் வீட்டில் வையுங்கள். ஒன்டிரைவ், கூகல் டிரைவ் போன்றவை பூட்டிய கோப்பையும் அப்படியே ஏற்றிக்கொள்ளும். இருந்தாலும் அவை பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருப்பதால், சில நாள்களுக்குள் கவனித்தால் மீட்டுவிடலாம்.

கேள்வி: என்னுடைய விண்டோஸ் 10 கணினி நன்றாகவே ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?
– தோ பாயோ வாசகர்

பதில்: ஓடுவது பிரச்சினையில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. 2017 மே 12ஆம் தேதி பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற ரேன்சம்வேர், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாமல் விட்டவர்களே மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10 புதுப்பிப்புகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் அது 2026 அக்டோபர் 13 வரைதான். அந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாவிட்டால், வங்கி வேலையையும் குடும்பப் படங்களையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கைபேசிக்கும் ரேன்சம்வேர் வருமா?
– பொங்கோல் வாசகி

பதில்: வரும், ஆனால் பெரும்பாலும் திரையைப் பூட்டி மிரட்டும் வகைதான். ஆண்ட்ராய்டில் அது அநேகமாக, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ‘ஏபிகே’ கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) நீங்களே நிறுவுவதால்தான் நுழைகிறது. சலுகை விலை மீனுக்கோ வீட்டுத் துப்புரவுச் சேவைக்கோ தனிச் செயலி ஒன்றை இறக்கச் சொன்னால், மீனை ஈரச்சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.