தம்பிக்கு ரியாக்ட், கடைக்கு எது?

கேள்வி: எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம், சரக்கு 800 வகை இருக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடுகிற மாதிரி ஒரு தளம் செய்யப் போகிறோம். எனக்கு பிஎச்பியும் ஜேக்வெரியும் தெரியும். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் தம்பி, ரியாக்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நண்பர்கள் ஆங்குலர், ஸ்வெல்ட் என்கிறார்கள். எதை எடுப்பது?
- வாசகர், விருதுநகர்

பதில்: வியூ எடுங்கள். ரியாக்ட், ஆங்குலர், ஸ்வெல்ட் மாதிரி இதுவும், வலைப்பக்கத்தில் பயனர் பார்த்துத் தட்டுகிற பகுதியைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிதான். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வேலைக்குப் போகிறவருக்கு ரியாக்ட் தெரிந்திருப்பது ரொம்ப உதவும், அதை அவர் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அடுத்த வருடம் அவர் வேலைக்குப் போய்விடுவார், தீபாவளி நெருக்கத்தில் ஆர்டர் பக்கம் மக்கர் செய்தால் ராத்திரி உட்கார்ந்து பார்க்கப் போவது நீங்கள்தான். அதனால் உங்கள் கைக்கு எது பழகுமோ அதுதான் இங்கே கணக்கு.

வியூவில் நீங்கள் ஏற்கெனவே எழுதுகிற எச்டிஎம்எல் அப்படியே இருக்கும், அதில் நாலு குறிப்புகள் கூடும், அவ்வளவுதான். முழுத் தளத்தையும் அதில் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. லாகின், விலைப்பட்டியல், பழைய பில் எல்லாம் சர்வரில் ஓடுகிற பிஎச்பியிலேயே இருக்கட்டும். ஆர்டர் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியில் வியூவைச் சேர்த்தால் போதும், எழுதியதைத் தொகுத்துத் தளத்துக்குத் தயார் செய்கிற ‘பில்ட்’ தொல்லை கிடையாது. ரியாக்ட் என்றால் பக்கம் மாற்றுவதற்கு ஒன்று, சர்வரிலிருந்து தகவல் எடுக்க ஒன்று என்று நீங்களே தேடித்தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். (தம்பிக்கு ஒரு விஷயம்: பழைய வீடியோ பாடங்கள் பலவும், ரியாக்ட் திட்டத்தைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்கிற கருவியில்தான் தொடங்கும். அதை 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டார்கள், வீட்டை வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். நான் சொல்வது வீட் என்கிற பில்ட் கருவியை.)

ஆங்குலர் நல்ல சாமான்தான், எல்லாம் உள்ளேயே வந்துவிடும், ஆனால் அது பெரிய டீமுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், இரண்டு பேர் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்க முடியாது. ஸ்வெல்ட் எனக்குப் பிடிக்கும், லேசானது. 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டதால், தேடினால் கிடைக்கிற பழைய பதில்கள் புதிதாக வருகிறவரைக் குழப்பும்.

சரி, வியூவில் ஒரு சிக்கல் உங்களுக்குக் கட்டாயம் வரும். தேடல் பெட்டிக்கு எல்லோரும் வி-மாடல் போடுவார்கள், பெட்டியில் அடிப்பதை நிரலில் உள்ள மதிப்போடு இணைக்கும் வியூவின் குறிப்பு அது. ஆண்ட்ராய்டு கீபோர்டில் கடைக்காரர் ‘உளுந்து’ என்று அடிப்பார், பட்டியல் அசையாது, ஸ்பேஸ் தட்டினால்தான் அசையும். சொல் முடியும்வரை வி-மாடல் காத்திருப்பதுதான் காரணம். அந்த ஒரு இடத்தில் மட்டும் வி-மாடலை எடுத்துவிட்டு பெட்டியின் மதிப்பைத் தனியாகவும், அடிக்கும்போதெல்லாம் எழும் இன்புட் நிகழ்வைத் தனியாகவும் கட்டுங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் மாறும். அப்புறம் 800 வரியையும் ஒரேயடியாகக் காட்டாதீர்கள், முதல் 30 போதும்.

முதலில் இந்த ஒரு பக்கத்தைச் செய்து, உங்கள் வாடிக்கையாளர்களில் இருப்பதிலேயே பழைய போன் வைத்திருப்பவரிடம் கொடுத்து, கடையில் கூட்டம் இருக்கும்போது பத்துச் சரக்கு ஆர்டர் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். அது சரியாக வந்த பிறகு மற்ற பக்கங்களைத் தொடலாம்.