டெக்சாஸில் மாநிலத்தை விடுங்க, நகரத்தைப் பிடிங்க

கலிஃபோர்னியாவில் செஞ்ச மாதிரி டெக்சாஸிலும் கையெழுத்து திரட்டி ஒரு சட்டத்தை மாநில வாக்குச்சீட்டில் ஏத்த முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியாதுங்க. கலிஃபோர்னியாவில் 1911லேயே வந்த உரிமை அது. கடைசி ஆளுநர் தேர்தல்ல பதிவான வாக்கில் 5 சதவீதம் கையெழுத்து இருந்தா சட்டத்தை மக்களே முன்வைக்கலாம். டெக்சாஸில் மாநில அளவில் அந்த வழியே கிடையாது. அங்க வர்ற அரசியலமைப்புத் திருத்தமெல்லாம் சட்டமன்றம் அனுப்பி வைக்கிறதுதான்.

ஆனா உங்க ஊர் 'ஹோம் ரூல்' நகரமான்னு, அதாவது தனக்குன்னு ஒரு சாசனம் (நகரத்தோட அடிப்படைச் சட்டம்) வச்சுத் தன்னைத்தானே நிர்வகிக்கிற நகரமான்னு பாருங்க. ஆமான்னா, நகர சாசனத்தைத் திருத்தக் கோர வாக்காளர்களில் 5 சதவீதம் அல்லது 20,000 பேர், எது குறைவோ அவ்வளவு கையெழுத்து போதும். வெறும் கையெழுத்தோட வந்துடாதீங்க. பெயர், முகவரி, போட்ட தேதி, கூடவே பிறந்த தேதியோ வாக்காளர் எண்ணோ இல்லாத வரியை அடிச்சுடுவாங்க. மாநிலச் சட்டத்தோட மோதுற திருத்தமா இருந்தா ஜெயிச்சாலும் நிக்காது, வக்கீலிடம் காட்டிட்டு ஆரம்பிங்க.