சிக்னல் இல்லாத ஊரில் ஒரு கம்யூனிகேட்டர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி வருகிறது. 2003இல் உங்கள் சித்தப்பா நோர்வேயிலிருந்து வன்னியில் உள்ள முறிகண்டி வீட்டுக்கு, ‘உள்ளுக்குள் கணினி வைத்த போன்’ ஒன்று கொண்டுவந்தார் என்று. ஐபோன் வந்ததே 2007இல்தானே, அதெப்படி என்று என் மகன் கேட்கிறான். எனக்கு வேறு சந்தேகம். அந்த நாளில் உங்கள் பக்கம் கைத்தொலைபேசி வேலை செய்யாதே! பிறகு அதை வைத்து என்ன செய்தார்? பார்வைக்கு மட்டும்தானா?

இன்னொன்று. அப்பா போன வருடம் தவறிப்போனார். அவருடைய அலுமாரியில் ட்ரியோ 650 என்ற பழைய போன் ஒன்று கிடந்தது. பத்து வருடத்துக்கு மேல் சார்ஜ் போடாதது. எறிய மனம் வரவில்லை, வைத்திருந்து என்ன பயன் என்றும் தெரியவில்லை.

வாசகி, டொரன்டோ

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகனுக்கு. போனையும் சட்டைப்பைக் கணினியையும் ஒன்றாக்கும் வேலை ஐபோனுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஐபிஎம் செய்த சைமன் 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடுதிரை, நாட்காட்டி, முகவரிப் புத்தகம், பேக்ஸ், மின்னஞ்சல் எல்லாம் அதில் இருந்தன. ஒப்பந்தத்தோடு வாங்கினாலே 899 டொலர், பற்றரியோ ஒரு மணி நேரம்தான் தாங்கும். ஏறக்குறைய 50,000 விற்றதோடு நின்றுபோனது.

சித்தப்பாவிடம் இருந்தது 1996இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர். யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கியிருந்தார். மூடியிருக்கும்போது தடித்த சாதாரணப் போன். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறப்பதுபோல நீளவாக்கில் திறந்தால் உள்ளே முழுத் தட்டச்சுப் பலகையும், நீண்ட சாம்பல் நிறத் திரையும். 397 கிராம். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுபடும். உள்ளே இன்டெல் 386 சில்லு, 8 மெகாபைட் நினைவகம். அதில் நாங்கள் எழுதிவைக்கக் கிடைத்தது 2 மெகாபைட். இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே காணாது. எங்களுக்கு அது ஒரு கிராமத்தையே கொள்ளும் இடமாக இருந்தது.

பார்வைக்கு மட்டுமா என்று கேட்டீர்கள். இல்லை தங்கச்சி. முறிகண்டியில் அதன் போன் பாதி செத்துத்தான் கிடந்தது. கணினிப் பாதிதான் நாள் முழுக்க உழைத்தது.

வந்த மூன்றாம் நாளே செய்தி பரவிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் எங்கள் விறாந்தைக்கு வரத் தொடங்கினார்கள். போன் நம்பர்கள் கடிதத் தலைப்பிலும், கலண்டர் தாளிலும், ஒருவரிடம் சவர்க்கார மட்டையிலும் இருந்தன. சித்தப்பா ஒவ்வொருவரையும் இருத்தி, பெயரையும் நம்பரையும் தட்டி, அவர்கள் சொல்லும் சேதியை எழுதிக்கொள்வார். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் வவுனியா பஸ். புளியங்குளத்தில் ஒரு சோதனை, ஓமந்தையில் இன்னொன்று. எல்லாம் கழித்து வவுனியா நகருக்குள் போனதும் சிக்னல் கோடுகள் எழும். அங்கே நண்பர் ஒருவரின் சிம்மைப் போட்டு எல்லாவற்றையும் எஸ்எம்எஸ்ஸாக அனுப்புவார். அன்றே வந்த பதில்களைப் பின்னேரம் கொண்டுவருவார். மற்றவை அடுத்த பயணத்துக்கு. இந்த ஒழுங்கைத்தான் அந்தக் கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிப்போனேன். அது என் பிழை. இப்போதாவது எழுதுகிறேன்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. தமிழ் எழுத்து அதில் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வேண்டும். எனக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்தில் இருந்து எழுத்தை எண்ணுவது என் வேலை. மூன்றாவது ஒழுங்கை ஆச்சி லண்டனில் இருக்கும் மகனுக்குச் சொல்ல ஆயிரம் விஷயத்தோடு வந்தார். காணிக்குள் கண்ணிவெடி எடுத்து முடிந்தது, கிணறு இறைத்தாயிற்று, பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், கால் வீக்கம் வற்றிவிட்டது, மாமரம் நிற்கிறது. “ஆச்சி, இதுக்குள்ள இவ்வளவும் கொள்ளாது” என்றார் சித்தப்பா. ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். “கால் வீக்கத்தை விடு தம்பி. மாமரம் நிக்குது எண்டு கட்டாயம் போடு.” தன் நோவை முதலில் வெட்டிய அந்தத் தாயை நான் இன்றுவரை மறக்கவில்லை. அங்கே வந்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இடம் காணாது என்றால் முதலில் போவது அவரவர் வருத்தம்தான்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான். புளியும் புலியும் ஒன்றாகிவிடும். ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியைக் கடக்கிற கருவிக்குள் அந்தச் சொல் இருந்தால் யாருக்கு விளங்கப்படுத்துவது? ஒரு அம்மா, “பழப்புளி கட்டி வச்சிருக்கிறன், ஆரும் வந்தால் குடுத்துவிடுறன்” என்று மகளுக்குச் சொல்லச் சொன்னார். சித்தப்பா கையை எடுத்துவிட்டு யோசித்தார். பிறகு புளிக்கு ஆங்கிலச் சொல்லைப் போட்டார். வழியில் புளியங்குளம் என்று ஊர்ப்பெயரே பலகையில் நிற்கிறது. இருந்தாலும் சேதியில் புளி வரக்கூடாது என்ற பயம் எங்களுக்கு இருந்தது.

சார்ஜ் போட சந்தியில் ஜெனரேட்டர் ஓடும் கடைக்குப் போவேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட ஊர் எங்களுடையது. அதனால் அந்த ஒரு மணி நேர மின்சாரத்தின் பெறுமதி கடைக்காரருக்கும் தெரியும். காசு வாங்கமாட்டார். கச்சான் சரையும் தந்துவிடுவார்.

சித்தப்பா 2004இல் நோர்வேக்குத் திரும்பியபோது கம்யூனிகேட்டரையும் கொண்டுபோனார். வந்த பதில்களை நான் தமிழில் எழுதிவைத்த சீஆர் கொப்பி வீட்டில் இருந்தது. 2009 தையில் போரில் இடம்பெயர்ந்து விசுவமடுவைத் தாண்டும்போது அது எங்களிடம் இல்லை. எங்கே விட்டோம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால்தான் உங்கள் அப்பாவின் ட்ரியோவைப் பற்றி வாசித்ததும் கை பதறியது.

அந்த வகையின் கதை வேறு வழியில் வந்தது. ஜெப் ஹாக்கின்ஸ் என்பவர் பாம் பைலட் கருவியை உருவாக்கும் முன், அதே அளவில் மரக்கட்டை ஒன்றைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதில் குறிப்பு எழுதுவதுபோலப் பாவனை செய்து திரிந்தாராம். பைலட் 1996இல் வந்தது. போன் இல்லாத வெறும் கைக்கணினி. அந்த வழியில் 2002இல் போனும் சேர்ந்து வந்ததுதான் ட்ரியோ. முந்திய ட்ரியோக்களில் பற்றரி முழுக்க இறங்கினால் உள்ளே இருந்த எல்லாம் அழிந்துபோகும். 2004இல் வந்த 650இல் அதை மாற்றினார்கள். பற்றரி இல்லாமலும் தகவல் நிற்கும் நினைவகம் அதில் இருக்கிறது. பத்து வருடம் அலுமாரியில் கிடந்தாலும் அப்பா எழுதிவைத்தவை உள்ளே இருக்க நல்ல வாய்ப்புண்டு.

எறிய வேண்டாம். பின்மூடியைக் கழற்றிப் பற்றரி வீங்கியிருக்கிறதா பாருங்கள். வீங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் அதை வெளியே எடுத்துவிடுங்கள், அதற்குப் பொருந்தும் மாற்றுப் பற்றரி தேடலாம். சார்ஜ் போட்டுத் திரை ஒளிர்ந்ததும் வேறொன்றையும் அமத்தாமல் முகவரிகளையும் குறிப்புகளையும் திறந்து, மகனை வைத்து ஒவ்வொன்றாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தால் உரக்க வாசித்துப் பாருங்கள். எந்த ல, எந்த ள என்று உங்களுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அண்ணா