அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் அண்ணன் மகனுக்கு 22 வயது. கடையில் திருடியதாகப் போலீஸ் பிடித்து, ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அதில் உள்ள தேதிக்குள் அபராதம் கட்டினால் கோர்ட்டுக்கே வரவேண்டாமாம். பையன் எடுக்கவே இல்லை என்கிறான். வக்கீல் வைக்க வசதியில்லை. சர்க்கார் இலவசமாகத் தரும் வக்கீல் எதுவும் செய்யமாட்டார் என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. பெயில் பணமென்றால், ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்தவருக்கு வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். இது அப்படியல்ல. 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, இந்த அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விசாரணையே இல்லாமல் பையன் பெயர் குற்றப் பதிவில் ஏறிவிடக்கூடும். பிறகு வேலைக்குப் போகும்போது கைரேகைச் சோதனையில் அது வந்து நிற்கும்.

வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் தரும் லீகல் எய்ட் அலுவலகத்துக்கு நாளைக்கே போங்கள். அந்தத் தாள், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும்; வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 0800 110 110 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். அதற்குள் கோர்ட் தேதி வந்துவிட்டால், "லீகல் எய்ட் வேண்டும்" என்று மாஜிஸ்திரேட்டிடம் பையனே சொல்லட்டும்.

சர்க்கார் வக்கீலும் படித்துத் தேறியவர்தான். அவருக்கு இல்லாதது நேரம். கோர்ட் நடக்கும் காலையில் கையில் ஒரு கட்டு ஃபைல், ஒவ்வொருவரிடமும் பேசச் சில நிமிடம். அந்தக் குறையை வீட்டார் ஓரளவு ஈடுகட்டலாம். கடைக் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி இப்போதே கடைக்கு எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்ததைப் பையன் ஒரே பக்கத்தில் எழுதட்டும். கூட இருந்தவர்களின் பெயரும் போன் எண்ணும் சேரட்டும்.

முதல் தடவை மாட்டியவர்களைச் சீர்திருத்தப் பயிற்சிக்கு அனுப்பி வழக்கைத் திரும்பப் பெறும் வழியும் உண்டு. ஆனால் அதற்குத் தவறைத் தன்னுடையது என்று ஏற்கவேண்டும். எடுக்காதவன் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.

1988-இல் நம் நேட்டால் மாகாணத்தில்தான் நீதிபதி டிட்காட், கன்யிலே வழக்கில், வக்கீல் இல்லாத ஏழைக்கு நியாயமான விசாரணை கிடைக்காமல் போகலாம் என்று தீர்ப்பளித்தார். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இன்றோ, வக்கீல் இல்லாவிட்டால் பெரிய அநீதி நேரும் என்ற நிலையில் அரசு செலவில் வக்கீல் தரவேண்டும் என்று 1996 அரசியல் சட்டத்தின் 35-ஆவது பிரிவே சொல்கிறது. ஆனாலும் அந்த வக்கீல் பெரும்பாலும் கோர்ட்டில்தான் கிடைக்கிறார். உங்கள் பையனிடம் ஸ்டேஷன் மேசையிலேயே முடிவு கேட்டுவிட்டார்கள். முதலில் சரிசெய்யவேண்டியது இதைத்தான் என்பேன்: பிடிபட்ட சில மணி நேரத்துக்குள், போனிலாவது, ஒரு வக்கீல் பேசவேண்டும்.

தெரியாமல் ஏற்கெனவே கட்டியவர்கள் யாராவது இருந்தால், அவர்களும் லீகல் எய்டைப் பார்க்கட்டும். விளைவு தெரியாமல் கட்டியவர்களின் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு.