பேட்ச் போச்சு, பம்பை சத்தம் போகலையே!

கேள்வி: சார், எங்க ஊர் கூத்துல வாசிக்கிற பம்பையை ரெக்கார்ட் பண்ணி, பாக்ஸ்களை கம்பியால இணைச்சு சத்தம் செய்யற ப்யூர் டேட்டா சாஃப்ட்வேர்ல ஒரு பேட்ச், அதாவது சின்ன புரோகிராம், செஞ்சேன், என் கம்ப்யூட்டர்ல அருமையா ஓடுது. ராணிப்பேட்டைல இருக்கிற ஃப்ரெண்டுக்கு அனுப்பினா சத்தமே வரலங்கறான், சில பாக்ஸ் விட்டு விட்டு கோடு போட்ட மாதிரி தெரியுதாம். ஃபைல் கெட்டுப்போச்சா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: கெடல தம்பி. பேட்ச் சேவ் ஆகற டாட் பிடி ஃபைல் வெறும் எழுத்துதான், நோட்பேட்ல தொறந்து பாருங்க, எந்த பாக்ஸ் எங்க இருக்கு, எதுல இருந்து எதுக்கு கம்பி போகுதுன்னு வரி வரியா இருக்கும். பம்பை சத்தம் அதுக்குள்ள இல்ல, அது தனி வேவ் ஃபைல். நீங்க பேட்ச்ல ஸி டிரைவ்ல ஆரம்பிச்சு ஃபைல் இருக்கிற எடத்தோட முழு பாத்தும் குடுத்திருப்பீங்க, அந்த ஃபோல்டர் அவர்கிட்ட எங்க இருக்கும்? வேவ் ஃபைலை பேட்ச் இருக்கிற ஃபோல்டர்லயே போட்டு பேரை மட்டும் குடுங்க, போதும். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாம பாத்துக்கங்க, விண்டோஸ் கண்டுக்காது ஆனா லினக்ஸ்ல ஃபைலே இல்லைன்னுடும்.

அந்த விட்டு விட்டு கோடு போட்ட பாக்ஸ் எல்லாம் அவர் மெஷின்ல இல்லாத ஆப்ஜெக்ட், அதாவது ஒரு வேலையைச் செய்யற பாக்ஸ். நீங்களே செஞ்ச சின்ன பேட்ச்சா இருந்தா அந்த ஃபைலையும் சேத்து அனுப்பணும், எக்ஸ்டெர்னல் லைப்ரரின்னா, அதாவது மத்தவங்க செஞ்சு தனியா சேக்கற ஆப்ஜெக்ட் தொகுப்புன்னா, பேரைச் சொல்லிட்டா அவர் ப்யூர் டேட்டா மெனுல இருக்கிற ஃபைண்ட் எக்ஸ்டெர்னல்ஸ்ல தேடி இறக்கிக்குவார். நிறைய எக்ஸ்டெர்னல் சேத்தே வந்த பழைய பிடி எக்ஸ்டெண்டட்ங்கற ப்யூர் டேட்டா பதிப்புல செஞ்ச பேட்ச்னா இந்த தொல்லை ஜாஸ்தி, அது 2013க்கு அப்புறம் புதுசா வரவே இல்ல.

முழு ஃபோல்டரையும் ஜிப் பண்ணி வாட்ஸப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. வாங்கறவர் முதல்ல எக்ஸ்ட்ராக்ட் பண்ணணும், பலபேர் ஜிப்புக்குள்ளயே டபுள் கிளிக் பண்றாங்க, அப்ப விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் டெம்ப் ஃபோல்டருக்கு எடுத்துட்டுப் போயி தொறக்கும், கூட இருந்ததெல்லாம் பின்னாடியே நின்னுடும். அனுப்பறதுக்கு முன்னாடி உங்க ஃபோல்டரையே வேற எடத்துக்கு மாத்தி பேரையும் மாத்தி தொறந்து பாருங்க, அப்படி ஓடினா பெரும்பாலும் உங்க ஃப்ரெண்டுகிட்டயும் ஓடும்.

இன்னொண்ணு, அந்த பம்பையை வாசிச்சவர் பேர், ஊர், எந்த கூத்துல எடுத்ததுன்னு பேட்ச்லயே ஒரு கமென்ட் போடுங்க, அவர்கிட்ட கேட்டுட்டே பகிருங்க. நம்ம வட ஆற்காடு கூத்து வாத்தியாருங்க சத்தம் பேரில்லாம ஊர் சுத்தக்கூடாது, எனக்கு இது ரொம்ப முக்கியம்.

கேள்வி: காலேஜ் சீனியர் ஒருத்தர் மேக்ஸ்ல, அதாவது ப்யூர் டேட்டா மாதிரியே காசுக்கு விக்கிற சாஃப்ட்வேர்ல, செஞ்ச பேட்ச் குடுத்தார். காசு குடுத்து வாங்காம தொறக்க முடியுமா? ப்யூர் டேட்டால ஓடுமா?
- வாசகி, காட்பாடி

பதில்: தொறக்கலாம்மா. மேக்ஸை சும்மாவே இறக்கலாம், ட்ரையல் முடிஞ்சாலும் பேட்ச் தொறக்கும், ஓடும், சேவ் மட்டும் ஆகாது. ப்யூர் டேட்டால நேரா தொறக்காது. ரெண்டையும் முதல்ல எழுதினவர் மில்லர் பக்கெட்தான், ஆனா ஃபைல் எழுதற முறையே வேற, மேக்ஸோட மேக்ஸ்பேட் ஃபைல் ஜேசன்ங்கற வேற எழுத்து வடிவத்துல இருக்கும். பாத்து பாத்து திரும்ப கட்டிக்கலாம், நிறைய பாக்ஸ் பேர் ஒண்ணாவே இருக்கும், சின்ன பேட்ச்னா ஒரு சாயந்திரத்துல முடிஞ்சிடும்.