தேநீரில் ஊறிய பழமும் ஆரஞ்சுத் தோலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உலர்பழங்களை இரவு முழுவதும் தேநீரில் ஊறவைத்து, ஆரஞ்சுத் தோல் துருவல், பட்டைப் பொடி, அக்ரூட் பருப்பு எல்லாம் சேர்த்து டீ பிரெட் செய்தேன். மேலே நன்றாக உப்பியிருந்தது. வெட்டிப் பார்த்தால் பழம் முழுவதும் அடியில் இறங்கி, ஒரு விரல் கனத்துக்குக் களி போல ஒட்டியது. பழத்தை மைதாவில் புரட்டித்தான் சேர்த்தேன். தவறு எங்கே?

பதில்: மைதாவில் புரட்டினால் பழம் மூழ்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், மாவுக் கலவை நீர்த்திருந்தால் அந்த உபாயம் பலிப்பதில்லை. நீங்கள் ஊறவைத்த தேநீரில் எவ்வளவு பழத்துக்குள் போயிற்று, எவ்வளவு கிண்ணத்தில் மிஞ்சியது என்று அளந்தீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஒரே அளவு திராட்சையும் எப்போதும் ஒரே அளவு நீரைக் குடிப்பதில்லை. நாள்பட்டுக் காய்ந்து சுருங்கியது நிறையக் குடிக்கும். புதிதாக வாங்கிய மெத்தென்ற திராட்சை பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். குறிப்பில் உள்ளபடி அத்தனையையும் மாவில் ஊற்றினால், ஒரு முறை சரியாக வந்த ரொட்டி அடுத்த முறை அடியில் வேகாமல் நிற்கும்.

23 சென்டிமீட்டர் நீளமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ரொட்டி டின் ஒன்றுக்கு நான் கொள்ளும் கணக்கு இது: உலர்பழம் 250 கிராம், பால் சேர்க்காத கடுந்தேநீர் 200 மில்லி, மைதா 225 கிராம், சர்க்கரை 120 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பருப்பு 100 கிராம். தேநீர் சூடாக இருக்கும்போதே பழத்தின் மேல் ஊற்றி மூடிவைத்து, மறுநாள் காலையில் வடிகட்டி, கீழே வடிந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் மிகுதியைக் குடித்துவிடலாம், மாவுக்கு வேண்டாம். குறைந்தால் மட்டும் ஆரஞ்சுச் சாறு விட்டு 100 மில்லிக்குக் கொண்டுவரலாம். கலந்த மாவு கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் ஒரு கணம் தயங்கி, பிறகு கட்டியாக விழ வேண்டும். அந்தப் பதத்தில் பழம் தானாகவே நின்றுகொள்ளும். பேரீச்சை, அத்தி போன்ற பெரிய பழங்களைத் திராட்சை அளவுக்கு நறுக்கிவிடுவதும் உதவும்.

மணம் கூடட்டும் என்ற பேராசையில், நானும் ஒருமுறை தேநீரோடு இரண்டு ஆரஞ்சுகளின் சாற்றையும் சேர்த்தேன். ஓவனுக்குள் கோபுரமாக எழுந்த ரொட்டி, வெளியே எடுத்த ஐந்தாம் நிமிடத்தில் நடுவில் குழிந்துபோயிற்று. அன்று முதல் அளவுக் குவளை இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில்லை.

கேள்வி: சாறு சேர்க்காமல் ஆரஞ்சு மணம் எப்படி வரும்? தோலைத் துருவிப் போட்டால் கசக்கிறதே?

பதில்: சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பும் இனிப்பும்தான், மணம் தோலில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டைக் கிள்ளி, நிறப்பக்கம் வெளியே இருக்குமாறு வெளிச்சத்துக்கு எதிரே வளைத்துப் பாருங்கள். மெல்லிய தூறல் தெறிக்கும். அதுதான் எண்ணெய். தோலின் நிறமுள்ள மேற்படலத்தில் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகளாக அது அடைபட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வெள்ளைச் சதையே கசப்புக்குக் காரணம். ஆகவே ஓரிடத்தில் ஒருமுறைக்கு மேல் துருவியை ஓட்டாமல், பழத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மெழுகு பூசிய பழமாக இருந்தால் வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகு துருவுங்கள்.

துருவலை மாவில் தூவுவதைவிட, அளந்துவைத்த சர்க்கரையில் போட்டு விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் கசக்குவது நல்லது. சர்க்கரையின் கூர்மையான மணிகள் எண்ணெய்ப் பைகளைக் கீறிவிடுவதால், சர்க்கரை ஈர மணல் போலாகி இளமஞ்சள் நிறம் கொள்ளும், அறையே மணக்கும். இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை ஆகியவற்றின் தோல் இந்த அளவுக்குப் போதும்.

மசாலா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை, ஜாதிக்காய்த் துருவல் கால், கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை. கிராம்பில் தாராளம் காட்டினால் ஆரஞ்சு மணம் அடிபட்டு, ரொட்டி பல்வலி மருந்து போல மணக்கும். வாசனைப் பொருள்களின் மணம் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால், உருக்கிய வெண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பொடிகளை அதில் கலந்துவிடுகிறேன்.

கேள்வி: பருப்பு மொறுமொறுப்பாக இருப்பதே இல்லை. பழத்தோடு சேர்த்து ஊறவைக்கலாமா?

பதில்: ஊறவே விடாதீர்கள். ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் வறுத்து, முழுவதும் ஆறிய பிறகு உடைத்து, கலவையில் கடைசியாகச் சேருங்கள். வெந்த ரொட்டிக்குள் வறுகடலை போன்ற மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது. வறுத்த மணமும் பல்லுக்குச் சற்று எதிர்ப்பும் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மேல்பாகம் கருகும்போதும் உள்ளே பச்சையாக இருக்கிறது. நடுவில் நீளவாக்கில் வெடிப்பும் விழுகிறது.

பதில்: வெடிப்பு குறையல்ல. மேலோடு இறுகிய பிறகும் உள்ளிருக்கும் மாவு உப்பிக்கொண்டிருப்பதால் வருவது அது. கருகுவதற்குக் காரணம் மிகையான சூடு. பழமும் சர்க்கரையும் நிறைந்த ரொட்டி சீக்கிரம் நிறம் ஏறும் என்பதால், 170 டிகிரியைத் தாண்டாமல் 55 முதல் 65 நிமிடம் வேகவிடுங்கள். 40-ஆம் நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது இங்கே ஏமாற்றக்கூடும், ஏனெனில் குச்சி ஊறிய திராட்சையில் பட்டால் வெந்த ரொட்டியிலும் ஈரமாகத்தான் வரும். இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள்; உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

கேள்வி: முட்டைக்குப் பதிலாக என்ன சேர்க்கலாம்?

பதில்: 100 மில்லி கெட்டித் தயிர். அதன் புளிப்புக்கு ஈடாகக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவையும் மாவில் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சவர்க்கார வாடை வரும்.

கேள்வி: வெட்டினால் உதிர்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தும் பயனில்லை; இன்னும் வறண்டுவிட்டது.

பதில்: அன்றே வெட்டியிருப்பீர்கள். முழுவதும் ஆறவிட்டு, வெண்ணெய்த் தாளில் சுற்றி, டப்பாவில் ஒரு நாள் மூடிவையுங்கள். அதற்குள் பழத்திலிருக்கும் ஈரம் ரொட்டி முழுவதும் பரவி, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். குளிர்பதனப் பெட்டியின் மிதமான குளிரில்தான் மாவுச்சத்து விரைவில் இறுகி ரொட்டி வறளும். ஆகவே மூன்று நாள்வரை வெளியிலேயே இருக்கட்டும். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாட்களில் மட்டும், மறுநாளே துண்டுகளாக்கித் துண்டுக்குத் துண்டு தாள் வைத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை அப்படியே எடுத்துத் தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டலாம்.