பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். பனியன் கம்பெனி ஒன்றில், இயந்திரம் பொருத்த வரும் சீனர்களோடு பேசும் வேலை. சீன மொழியைத் தானாகவே கற்றிருக்கிறாள். இப்போது சீனாவுக்கே போய், அந்த மொழியைப் பிறருக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் படிப்பு படிக்க வேண்டுமாம். "தனியா, சீனாவுக்கு, டீச்சருக்குப் படிக்கவா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொழுந்தனார் சொல்லும் வழி வேறு: வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து லண்டனில் எம்.ஏ.

அம்மா, அன்று உங்களைச் சமாதானப்படுத்தித்தான் அனுப்பினேன். இன்று சமாதானம் பேசப் போவதில்லை. உங்கள் மகள் கேட்காத படிப்புக்கு உங்கள் வீடு எதற்காக அடமானம் போக வேண்டும்? லண்டன் என்றால் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். தவணையை அவர்கள் கட்டமாட்டார்கள்.

அவள் கேட்பது இரண்டு வருட முதுகலை. சர்வதேச சீன மொழி ஆசிரியர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலேயே அடக்கம். மாதம் 3,000 யுவான் கைச்செலவுக்கு. விமான டிக்கெட் மட்டும் நம் பொறுப்பு. சும்மா கொடுத்துவிட மாட்டார்கள்: எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் ஐந்தாம் நிலையில் 300க்கு 210, பேச்சுத் தேர்வில் இடைநிலையில் 100க்கு 60 வேண்டும். எழுத்தில் அவள் தேறிவிடுவாள். பேச்சுத் தேர்வுக்கு இன்னும் உழைக்க வேண்டும்.

சீன மொழியைச் சீனர்கள் சொல்லித்தந்தால் போதாதா என்று கேட்டீர்கள். சீனத்தில் அப்பாவும் 'பா', பயப்படுவதும் 'பா'. தொனியும் ஒன்றேதான். மூச்சை வெளியே ஊதிச் சொன்னால் பயம், ஊதாமல் சொன்னால் அப்பா. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப'. தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது விழுந்து எழுந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்குத்தான் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கூட வேலை பார்ப்பவர்களுக்கு இதைத்தான் எழுதிக் காட்டுகிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். அதன் பிறகும் என்ன யோசனை?

அங்கே போன பிறகு கஷ்டம் இருக்கும். பயிற்சி வகுப்பில் மேற்பார்வை ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். "பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொன்னால், ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று நாம் சொல்வதைப் போல எடுத்துக்கொள்ள வேண்டும். மதியம் பலரும் குட்டித் தூக்கம் போடுவார்கள்; அந்த நேரத்தில் யாரையும் அழைக்கக் கூடாது. சைவம் என்று சொன்னால் கறியை எடுத்துவிடுவார்கள், பன்றிக் கொழுப்பும் சிப்பிச் சாறும் குழம்பில் இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கப் பழக வேண்டும். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கட்டடங்களுக்குள் பொதுச் சூடேற்றம் உண்டு. அப்படியொரு ஏற்பாடு ஷாங்காயில் கிடையாது. குளிர் கூடிய வடக்கில் அறைக்குள் பனியனோடு இருக்கலாம், தெற்கில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது!

உங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸப் அங்கே முடக்கம். அங்கே எல்லோரும் வைத்திருக்கும் வீசாட் செயலியை 2020 ஜூனில் இங்கே தடை செய்துவிட்டார்கள். நம் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் வாட்ஸப் ஓடும், காசு ஆகும். வாரம் இரண்டு முறை பேசினால் போதும். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே பத்தரை.

"ஓய்வு நேரத்துல இங்கிலீஷ் டியூஷன் எடுத்தா லட்சக்கணக்கில வரும்" என்றாராம் கொழுந்தனார். கூடவே கூடாது. பல்கலைக்கழகமும் குடிநுழைவுத் துறையும் அனுமதிக்காமல் மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது அங்கே குற்றம். 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், குற்றம் கடுமையானதென்றால் 15 நாள் வரை காவலும் உண்டு.

திரும்பி வந்தால் அரசுப் பள்ளி வேலை காத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை பெயர் சொல்லும் வெளிநாட்டு மொழிகளில் சீனம் இல்லை. தொழிற்சாலை, மொழிபெயர்ப்பு, தனியார் பயிற்சி மையம் — இவற்றில்தான் தேட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் கேட்கிறாள். இந்த மாதம் பாஸ்போர்ட்டுக்கும் பேச்சுத் தேர்வுக்கும் பணம் கட்டிவிடுங்கள். கொழுந்தனார் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.